முதலில் நீ செய்ததைச் சொல்

நாமக்கல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொண்டது. அக்காவுக்கு முட்டிவலி இப்போது கொஞ்சம் தேவலை. போனில் கூப்பிட்டால் நீ வண்டி ஓட்டிக்கொண்டே எடுத்துவிடுகிறாய், அதனால்தான் நான் கூப்பிடுவதில்லை. இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுத்து வைக்கிறேன். டிரிப் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் நன்றாகத் தூங்கு. எழுந்து குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படி.

அன்றைக்குக் குடோனில் நடந்ததைப் பற்றி நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். கிளீனர் பையன் சரியாகச் சைகை காட்டவில்லை என்றாய். நிறுத்தக்கூடாத இடத்தில் பைக்கை நிறுத்தியிருந்தார்கள் என்றாய். வெளிச்சம் போதவில்லை என்றாய். சீக்கிரம் லோடு இறக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்கள் என்றாய். நாலும் உண்மையாக இருக்கலாம். ஆனால் வண்டியை ரிவர்ஸ் எடுத்தது நீ. அந்த ஒன்று மட்டும் உன் பேச்சில் வரவே இல்லை. பைக்கும் கேட்டுத் தூணும் உடைந்தன, காவலுக்கு இருந்த பெரியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவோடு போயிற்று. சேதம் சின்னதாக இருக்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பெரிதாக ஒன்று நடந்துவிட்டால் அப்போது யார் சொல்வதும் யார் காதிலும் ஏறாது.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. லைட் வண்டி லைசென்ஸ் கையில் ஓராண்டு இருந்தால் ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட்டுவிடலாம் என்கிறது சட்டம். காலி வண்டியை ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிடுகிறோம். நிறைந்த லோடோடு இறக்கத்தில் இறங்குவதையும், அர்த்தராத்திரியில் முன்பின் தெரியாத குடோனுக்குள் வண்டியை நுழைப்பதையும் எந்த டெஸ்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. எங்கள் காலத்தில் ஒரு டிரைவர் அண்ணனிடம் கிளீனராக ஏறி, வருஷக் கணக்கில் கழுவித் துடைத்து, தார்ப்பாய் கட்டி, ஸ்டெப்னி மாற்றி, அவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஸ்டீயரிங்கைத் தொட்டோம். உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கிளீனர் வேலைக்கு ஆள் வருவதே குறைந்துவிட்டது. ஆகவே புது டிரைவர் கையில் வண்டி அங்கே இங்கே இடிக்கத்தான் செய்யும். இடித்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதை வைத்துத்தான் லைனில் அவனை எடைபோடுவார்கள்.

லாரிக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்பதை எந்தக் கண்ணாடியும் காட்டாது, பாடி மறைத்துவிடும். கேபினை ஒட்டி இடப்பக்கம் நிற்கிற ஆளும் தெரியமாட்டான். பம்பருக்கு முன்னால் வந்துவிட்ட குழந்தையும் தெரியாது. அதனால் ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். தரை எப்படி, மேலே ஒயர் போகிறதா, தூண் எங்கே, பைக் எங்கே, ஆள் எங்கே என்று பார்த்துவிட்டு ஏறு. கிளீனர் உன் பக்கத்துக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். கண்ணாடியிலிருந்து அவன் மறைந்த நொடியே வண்டி நிற்க வேண்டும், அவன் ‘வரலாம் வரலாம்’ என்று கத்திக்கொண்டிருந்தாலும் சரி. ‘ஹோல்டான்’ என்று அவன் கத்துவது எஞ்சின் சத்தத்தில் உன் காதில் விழாமல் போகலாம். உனக்குப் பார்த்துச் சொல்லத்தான் அவனால் முடியும். பிரேக்கில் இருக்கிற கால் உன்னுடையது.

அந்தப் பையனின் பேட்டாவில் ஓனர் பிடித்துக்கொண்டதாக அக்கா சொன்னாள். நீ பேசாமல் இருந்திருக்கிறாய். எனக்கு வருத்தம் அதில்தான் அதிகம். ஓனரிடம் நேராகப் போய், ‘இறங்கிப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தது நான்தான், பையனிடம் பிடித்ததை என் கணக்கில் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல். அந்தப் பையன் முன்னாலேயே சொல். நாளைக்கு அவனும் ஸ்டீயரிங் பிடிக்கப்போகிறவன். இடித்தால் பழியைக் கீழே இருப்பவன் தலையில் இறக்கிவிட வேண்டும் என்று உன்னிடமிருந்து அவன் கற்றுக்கொள்ளக் கூடாது.

நான் கிளீனராக ஏறிய வண்டியின் டிரைவர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி தாண்டி ஓர் ஊர் எல்லையில் சைக்கிள்காரர் ஒருவர் சட்டென்று குறுக்கே திரும்பிவிட்டார், வண்டி தட்டிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் சைக்கிள்காரர் மேல்தான் தப்பு என்றார்கள். 108 ஆம்புலன்ஸ் இல்லாத காலம். அண்ணன் ஒரு வேனைக் கைகாட்டி நிறுத்தி, அடிபட்டவரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போனார். என்ன வேகத்தில் வந்தாய் என்று கேட்டார்கள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஊருக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைக்கவில்லை என்பதையும் அவராகவே சொன்னார். கேஸ் நடந்தது, வாய்தாவுக்கு வாய்தா போய் வந்தார். சைக்கிள்காரர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த ஊர் எல்லை வந்தாலும் அண்ணனின் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழும்பிவிடும். சைக்கிள்காரர் திரும்பியதுதான் காரணம் என்று அவர் விட்டிருந்தால் அவர் கால் பழைய மாதிரியேதான் அழுத்திக்கொண்டிருந்திருக்கும். சைக்கிள்காரரை அவரால் திருத்த முடியாது, தன் காலைத்தான் திருத்த முடியும். நான் உனக்குச் சொல்ல வந்ததும் இதுதான். மற்றவர் செய்ததில் உன்னால் மாற்றக்கூடியது எதுவும் இல்லை. நீ செய்ததை ஒத்துக்கொண்டால்தான் அடுத்த முறை அதை மாற்றிச் செய்வாய்.

தர்மபுரியிலிருந்து சேலம் வருகிற வழியில் தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்து என்று உனக்குத் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று மேலேயே நியூட்ரலில் போட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சினையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. நியூட்ரலில் போட்டதும் எஞ்சினின் பிடி போய்விடுகிறது. அத்தனை டன்னையும் பிரேக் லைனிங் மட்டுமே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறிப் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். எஞ்சினை அணைத்துவிட்டால் கம்ப்ரசர் ஓடாது, ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் உள்ள ஏர் இறங்கும், ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். கீழே நாலு கார்களை நசுக்கி நின்ற பிறகு ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்கிறார்கள். அது பொய் இல்லை, உண்மையிலேயே பிடித்திருக்காது. ஆனால் மேலே கியரை நியூட்ரலுக்குத் தள்ளிய அந்தக் கைதான் பிரேக்கைப் பிடிக்காமல் செய்தது. இப்போது வருகிற காமன் ரெயில் எஞ்சின்களில் அந்த மிச்சமும் கிடையாது. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரியும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

தூக்கமும் இதே மாதிரிதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். இரண்டு நொடி கண் சொருகினால் முப்பது மீட்டருக்கு மேல் வண்டி தானாகப் போகிறது என்று அர்த்தம். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் உடம்பு கேட்காமலே கண்ணை இழுக்கும். ‘எனக்கே தெரியாமல் தூங்கிவிட்டேன்’ என்று சொல்லாத டிரைவர் இல்லை. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொட்டாவி வந்திருக்கும், கண் எரிந்திருக்கும், வண்டி கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியிருக்கும். அது அவனுக்குத் தெரிந்துதான் நடந்தது. அப்போது நிறுத்தாமல் போனதற்குத்தான் அவன் பதில் சொல்ல வேண்டும்.

நீ கேட்பாய், ‘நிறுத்தினால் ஓனர் சும்மா விடுவாரா?’ என்று. நியாயமான கேள்வி. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. லைனில் அதை யார் மதித்தார்கள்? தேய்ந்த டயரோடு வண்டியை அனுப்புகிற ஓனர், அளவு மீறி லோடு ஏற்றுகிறவர், முடியாத நேரத்துக்குள் வந்து சேரச் சொல்கிற பார்ட்டி, திருப்பத்தில் விளக்கு போடாமல் விட்டவர்கள் என்று எல்லோருக்கும் விபத்தில் பங்கு உண்டு. அதையெல்லாம் நீ உன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் முன்கூட்டியே பேசு. வண்டி எடுக்கும் முன் டயர், ஏர், லைனிங், விளக்கு எல்லாம் பார். குறை இருந்தால் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பு, தேதியோடு அது நிற்கும். பிரேக் சரியில்லாத வண்டியை எடுக்கமாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. தெரிந்தே எடுத்துவிட்டால் அதில் பாதி உன் கணக்கில் வந்துவிடும். தன் பங்கை முதலில் சொன்னவன் அடுத்து ஓனரின் பங்கைச் சொன்னால் கேட்கிறவர்கள் நம்புவார்கள். தன்னை விட்டுவிட்டு ஊரையெல்லாம் சொல்கிறவன் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

வண்டி ஓடாமல் நிற்கும்போதும் பொறுப்பு உன்னுடையதுதான். பழுதாகி ரோட்டில் நிற்கிற லாரியின் பின்னால் ராத்திரியில் வந்து மோதி எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கின்றன! மற்றவர்களுக்கு ஆபத்தாகும்படி வண்டியை ரோட்டில் விட்டு வைப்பதே குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு சொல்கிறது. முடிந்தவரை தார் ரோட்டை விட்டு இறக்கி நிறுத்து. நாலு இண்டிகேட்டரையும் போடு. முக்கோணப் பலகையை நன்றாகத் தள்ளிப் பின்னால் வை, பின்பக்கத்து மின்னும் ஸ்டிக்கரில் சேறு இருந்தால் துடை. கல்லையும் மரக்கிளையையும் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போகிற வழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அந்தக் கல்லில் ஏறி ஒரு பைக்காரன் விழுந்தால் அது யார் செய்த விபத்து? அதை அகற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

இனி, நடக்கவே கூடாதது நடந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்கிறேன். வண்டியை நிறுத்து. அடிபட்டவரை முதலில் பார். 108-க்குச் சொல், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் சொல்லலாம். நம் மாநிலத்தில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் அரசு செலவில் சிகிச்சை உண்டு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. பணம் யார் கட்டுவது என்று யோசித்து ஒரு நிமிடம்கூட வீணாக வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு டிரைவரின் கடமையைத் தெளிவாகச் சொல்கிறது. அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்ய வேண்டும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பாலிசி நம்பர், இடம், நேரம், அடிபட்டவர் விவரம், உன் லைசென்ஸ் விவரம் எல்லாம் எழுத்தில் போக வேண்டும். கூட்டம் கூடி அடிப்பார்கள் என்கிற பயம் உனக்கு இருக்கும். எனக்கும் அந்தப் பயம் தெரியும். சட்டத்துக்கும் தெரியும், கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாவிட்டால் அந்தப் பிரிவே விலக்குத் தருகிறது. அப்படியானால் வண்டியையோ உன்னையோ ஸ்டேஷனுக்குக் கொண்டு போ. வீட்டுக்குப் போகாதே, வேறு மாநிலத்துக்குப் போகாதே.

ஓடிப்போனால் என்ன ஆகும் என்று யாரும் சரியாகச் சொல்வதில்லை. மோதிய வண்டி எது என்று தெரிந்தால், இறந்தவரின் குடும்பம் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, அவர் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டு இன்சூரன்சிலிருந்து இழப்பீடு வாங்க முடியும். எந்த வண்டி என்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் கிடைப்பது 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரலுக்கு முன்பு அதுவும் 25,000, 12,500 என்றுதான் இருந்தது. ஓடிப்போகிறவன் ஜெயிலுக்குப் பயந்து ஓடுவதாக நினைக்கிறான். அவன் அந்த வீட்டுப் பிள்ளைகளின் சோற்றையும் படிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

2024 ஜனவரியில் வடக்கே லாரிகள் நின்றது உனக்கு நினைவிருக்கும். சாவு நேர்ந்த பிறகு தெரிவிக்காமல் தப்பினால் பத்து ஆண்டு வரை சிறை என்று புதிய சட்டத்தில் போட்டதை எதிர்த்து டிரைவர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். டிரைவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது. சின்ன வண்டி குறுக்கே வந்தாலும் பெரிய வண்டியைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். ஆனால் 134-வது பிரிவு 1988-லிருந்தே இருக்கிறது. தண்டனை கூடினாலும் குறைந்தாலும், ரோட்டில் கிடக்கிறவரை விட்டுப் போகக் கூடாது என்பதில் மாற்றம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விபத்துக்குப் பிறகு வேறு ஆளை டிரைவர் என்று காட்டி ஆஜர்படுத்துகிற வழக்கம் இருக்கிறது. உனக்குப் பதில் யாரையும் அனுப்ப ஒத்துக்கொள்ளாதே. யாருக்காகவும் நீயும் போகாதே, எவ்வளவு பணம் சொன்னாலும் சரி. போலீஸ் எழுதுவதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. படிக்க விடவில்லை என்றால் வக்கீலைக் கேட்டுக்கொள். பொறுப்பேற்பது என்றால் நடந்ததை நடந்தபடி சொல்வது. செய்யாததை ஒத்துக்கொள்வதும் பொய்தான். எதிராளி ராங் சைடில் வந்திருந்தால் அதைச் சொல், அதோடு நீ வந்த வேகத்தையும் சொல்.

ராத்திரியில் நீ திடுக்கிட்டு எழுந்துகொள்கிறாய், இனி ஹெவி வண்டியே வேண்டாம் என்கிறாய் என்று அக்கா அழுதாள். தப்பை ஒத்துக்கொள்வதற்கும் தன்னையே தின்றுகொண்டிருப்பதற்கும் தூரம் அதிகம். ஒத்துக்கொண்டு, ஈடு செய்து, பழக்கத்தை மாற்றிக்கொண்டால் அந்தக் கணக்கு தீர்ந்தது. பைக்காரருக்கு ரிப்பேர்ச் செலவைக் கொடு. காவலுக்கு இருந்த பெரியவரைப் போய்ப் பார்த்து, கை எப்படி இருக்கிறது என்று கேள். அடுத்த சில டிரிப்புகளுக்கு அனுபவமுள்ள ஒருவரோடு செகண்ட் டிரைவராகப் போ, ஓனரிடம் நானே பேசுகிறேன். பயம் கொஞ்சம் மிச்சமிருந்தால் இருக்கட்டும். அந்தப் பயம்தான் உன்னைக் கேபினிலிருந்து இறங்கிப் பார்க்க வைக்கும்.

ரோட்டில் எந்த நேரத்தில் எது நடந்தாலும் முதல் போன் 108-க்கு, அடுத்தது போலீசுக்கு, அதற்கடுத்தது ஓனருக்கு, அதன் பிறகு எனக்கு. எந்தச் சாமத்திலும் எடுப்பேன், கிடைத்த வண்டியில் வந்து சேருவேன். வந்து நின்றதும் உன்னிடம் கேட்கப்போவது ஒன்றுதான். யார் குறுக்கே வந்தார்கள் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், நீ என்ன செய்தாய் என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
உன் மாமா